கல்லும் கூரையும்: ஆலத்தியூரில் ஒரு வீடு

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதன் தனக்கென ஒரு வளையைக் கட்டிக்கொள்ள எத்துணை அறிவைச் செலவிட்டிருக்கிறான் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். அக்கோயிலுக்குக் கல் சுமந்தவன் இரவில் எந்தக் கூரையின் கீழ்ப் படுத்துறங்கினான் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை என்னைக் கேட்க வைத்தது நம் ஆங்கில வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. விரிவுரையாளர் ஒரு படத்தைக் காட்டினார். இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் 1840இல் ஹார்டி பிறந்த வீடு அது. அவருடைய கொள்ளுப்பாட்டனார் 1800ஆம் ஆண்டில் மண்ணாலும் செங்கல்லாலும் கட்டியது. மேலே வைக்கோற் கூரை. "எவ்வளவு அழகு பார்த்தீர்களா! இந்நாட்டில் இத்தகைய வீடு இன்று பெருஞ்செல்வம்" என்றார் ஆசிரியர். நான் வாய் தவறி, "எங்க அப்பாயி வீடு மாதிரியே இருக்குது சார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் பேருந்தில், நாங்கள் எதற்காகச் சிரித்தோம் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

அந்த வாரமே ஆலத்தியூர் சென்றேன். அப்பாயியின் வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்ட அரசின் அனுமதி வந்திருந்தது. இடிப்பதற்கு ஒரு மாத காலமே இருந்தது. ஓர் அளவு நாடாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டை முதன்முறையாக ஒரு கட்டடமாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்போது அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கல்

நம் அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதை நிலவியல் படிக்கும் நண்பர்கள் அறிவார்கள். ஏறத்தாழ பதினான்கரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெடேஷியஸ் காலத்தில் இங்கே கடல் உள்ளே வந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் மடிந்து, படிந்து, இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரமும் அக்காலத்துச் சான்றுகளுள் ஒன்று.

அப்பாயி வீட்டுச் சுவரில் இக்கடலின் எச்சத்தை நான் கண்டேன். மேலைச் சுவரில், கதவுக்கு இரண்டடி தள்ளி, ஒரு கல்லில் உள்ளங்கையளவு சிப்பியின் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. சிறுவயதில் அந்த வரிகளில் விரலை ஓட்டி நான் விளையாடியிருக்கிறேன். அது என்னவென்று அப்போது தெரியாது. கொல்லையில் கிணறு வெட்டியபோது கிடைத்த கல்லைக் கொண்டே தாத்தாவின் தகப்பனார் இவ்வீட்டைக் கட்டினாராம். கல்லுக்குக் காசில்லை, வண்டி வாடகையுமில்லை.

இங்கிலாந்திலும் கதை இதுவே. காட்ஸ்வோல்ட்ஸ் எனும் குன்றுப் பகுதியின் தேன் நிற வீடுகள் புகழ் பெற்றவை. அவற்றின் கல்லும் பழங்கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். நம்முடையதைக் காட்டிலும் பழைமையான ஜுராசிக் காலத்தது. சரக்கைத் தொலைவிலிருந்து ஏற்றி வரப் பணமில்லாத குடியானவன் காலடியில் கிடைத்ததைக் கொண்டு கட்டினான். ஆகையால் வீட்டின் நிறம் ஊர் மண்ணின் நிறமாயிற்று.

சுவர்

வீட்டின் உள் நீளம் 22 அடி. அகலம் 12 அடி. சுவரின் கனம் ஒன்றே முக்கால் அடி. அடிமனை தரையிலிருந்து இரண்டடி உயரம். அதன் மேல் சுவர் ஆறடிதான். இவ்வளவு கனமான சுவரை இவ்வளவு தாழ்வாக ஏன் கட்டினார்கள்?

ஊரிலுள்ள ஒரு முதிய கொத்தனார் விளக்கினார். இது ஒற்றைச் சுவரன்று. உண்மையில் இரு சுவர்கள். வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல், உள்முகத்துக்கு ஒரு வரிசைக் கல், இடையிலே சில்லுக்கல்லும் மண்ணும். இவ்விரு முகங்களும் நாளடைவில் பிரிந்து வயிறு தள்ளாதிருக்க, சிறிது தூரத்துக்கு ஒன்றாக, சுவரின் முழுக் கனத்துக்கும் எட்டும் நீளக் கல்லைக் குறுக்கே கிடத்த வேண்டும். மூலைகளில் பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றி வைத்துப் பூட்ட வேண்டும். கல் மண்ணில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் ஏடு ஏடாகப் பெயரும். "கல்லு படுத்தாத்தான் தம்பி சுவரு நிக்கும்" என்றார் அவர். இங்கிலாந்தின் பழைய கல்வீடுகளிலும் இதே இரட்டை முகமும், இதே குறுக்குக் கல்லும் உண்டு. இரு நாட்டுக் கொத்தனார்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கல்லின் இயல்பு இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது.

கற்களை இணைப்பது செம்மண் சாந்து. உள்ளே மண் பூச்சு. அதன்மேல் ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்குச் சுண்ணாம்பு. மண்சாந்து சிமென்டைப் போல வலிமையுடையதன்று. ஆனால் அது மூச்சு விடும். மழையில் சுவருக்குள் சென்ற ஈரம் வெயிலில் அதன் வழியே வெளியேறிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் சித்தப்பா, வீடு பளிச்சென்று இருக்கட்டுமென்று மேலைச் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிமென்ட் பூசினார். மூன்று மழைக்காலத்துக்குள் பூச்சின் பின்னே ஈரம் தேங்கி, உப்புப் பூத்து, கல்லின் முகமே பொரிந்து உதிர்ந்தது. பழைய கல்வீடுகளைப் பழுது பார்க்கும் ஆங்கிலேய வல்லுநர்கள், இத்தகைய சுவர்களில் சிமென்டைத் தொடாதீர்கள், சுண்ணாம்பையே பயன்படுத்துங்கள் என்று கூறுவதன் காரணமும் இதுவேயாம்.

கூரை

'வேய்' என்னும் சொல்லுக்குத் தமிழில் மூங்கில் என்றும் பொருளுண்டு; கூரை போடுதல் என்றும் பொருளுண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஈந்தின் இலையால் வேய்ந்த குடிசை பேசப்படுகிறது. எனவே ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழன் கூரை வேய்ந்து வருகிறான் என்று துணிந்து சொல்லலாம்.

எங்கள் வீட்டில் நடுவே விட்டம். அதன்மேல் நின்ற குத்துக்கால்கள் முகட்டு வளையைத் தாங்குகின்றன. முகட்டிலிருந்து இருபுறமும் பனஞ்சட்டங்கள் சரிந்து இறங்குகின்றன. அவற்றின் குறுக்கே சாண் இடைவெளியில் வரிச்சுகள் கட்டப்பட்டுள்ளன. கட்டுவதற்குக் கற்றாழை நார். ஓர் ஆணிகூட இல்லை. வரிச்சின் மேல் முதலில் பனையோலை, அதன்மேல் கரும்புச் சோகை. வேய்வது கீழிருந்து மேலாக. மேல் வரிசை கீழ் வரிசையின் தலையை மூட வேண்டும். மீனின் செதிலைப் பார்த்தால் இது விளங்கும்.

தண்ணீர் புகக்கூடிய சருகு எப்படி மழையைத் தடுக்கிறது என்பது நுட்பமான செய்தி. மழைத்துளி மேல் தாளின் நுனிக்கு ஓடி, அடுத்த தாளின் முதுகில் விழுந்து, அதன் நுனிக்கு ஓடி, இப்படியே இறவாணம் வரை இறங்கிவிடுகிறது. உள்ளே இறங்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இதற்குச் சரிவு முக்கியம். எங்கள் வீட்டில் சுவரின் மேலிருந்து முகடு எட்டடி உயரம்; முகட்டின் நேர்க்கீழிலிருந்து சுவரின் வெளிமுகம் ஏழே முக்கால் அடி. கணக்கிட்டால் 45 பாகைக்குச் சற்று மேல் வருகிறது. ஆங்கிலேயக் கூரைக்காரர்கள் குறைந்த அளவு 45 பாகை வேண்டும், 50 இருந்தால் நன்று என்பார்கள். பள்ளிக்கூடம் பார்த்திராத எங்கள் ஊர்க் கூரைக்காரர் அதே கணக்கைக் கண்ணால் போட்டிருக்கிறார்.

சுவர் தாழ்வாக இருப்பதன் காரணமும் இப்போது புரிந்தது. கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடி வெளியே வந்து தாழ்கிறது. மண்சாந்துச் சுவரின் மீது சாரல் படாமல் காப்பது அதுவே. சுவர் உயர்ந்தால் சாரல் உள்ளே வரும், சுவர் கரையும். அந்த இறவாணத்தின் அடியில் அகப்பட்ட இடமே திண்ணை. அங்கே உட்காரலாம், படுக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. அவ்வீட்டிற்குள் நுழைய எவரும் தலை குனிந்தே ஆக வேண்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சருகுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரே கனத்தில் ஒப்பிட்டால் கூரைச் சருகு கடத்தும் வெப்பம் கான்கிரீட் கடத்துவதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதைக் கீழே கக்குகிறது. சித்திரை மாதத்து நடுப்பகலில் அப்பாயி வீட்டுக்குள் மின்விசிறி இல்லாமல் உறங்கலாம் என்பது நான் அனுபவித்த உண்மை.

அங்கே நாற்பது, இங்கே மூன்று

அப்படியானால் ஆங்கிலேயரின் கூரை மட்டும் எவ்வாறு நெடுநாள் நிற்கிறது? சதுப்பு நாணலால் நன்கு வேய்ந்த கூரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் நிற்பதுண்டு. கோதுமை வைக்கோற் கூரை இருபது ஆண்டளவு நிற்கும். முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்றாண்டுக்கொருமுறை சோகை மாற்ற வேண்டும்.

காரணங்கள் பல. அங்கே தாளை ஓரடிக் கனத்துக்கு நெருக்கி அடுக்கி, வளைத்த மரக்குச்சிகளால் தைத்து இறுக்குகிறார்கள். மேலே ஓரங்குலந்தான் நனையும். நாணல் தண்டு கடினமானது. கரும்புச் சோகை மெல்லிய இலை. அங்கே கரையானின் தொல்லை இல்லை; இங்கே வெயிலும் மழையும் கரையானும் மாறி மாறித் தின்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரடிக் கனத்துக்கு வேயும் செலவு நம் குடியானவனின் கைக்கு எட்டியதில்லை. அடுத்த கரும்பு வெட்டு வரை தாங்கினால் போதுமென்றே அவன் வேய்ந்தான்.

நெருப்பு

கூரையின் பெரும்பகை நெருப்பு. லண்டன் நகரில் 1212ஆம் ஆண்டிலேயே ஒரு பெருந்தீக்குப் பின் வைக்கோலும் நாணலும் வேயக் கூடாதென ஆணை பிறந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் 1613இல் எரிந்ததும் கூரையால்தான்; நாடகத்தில் வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பட்டது. நமக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. கூரையின் குளிர்ச்சியைப் புகழ எழுதுகோல் எடுக்கும் எவரும் அந்த எண்ணை மறந்துவிட்டு எழுதலாகாது.

எங்கள் வீடும் ஒருமுறை எரிந்திருக்கிறது. அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வைக்கோற்போரிலிருந்து பறந்த பொறி கூரையில் விழுந்ததாம். மாடுகளை அவிழ்த்துவிட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். கூரை அரைமணியில் போயிற்று. ஆனால் பின்பாதி அறையில் கூரைக்குக் கீழே பலகை பரப்பி, ஒரு சாண் கனத்துக்கு மண் கொட்டி மச்சு அமைத்திருந்தார்கள். எரிந்த கூரை அந்த மண்ணின்மேல் விழுந்து அவிந்தது. கீழே இருந்த கம்பும் விதை நெல்லும் பிழைத்தன. கற்சுவர் கருகியதோடு சரி. பத்து நாளில் ஊர் கூடிப் புதுக் கூரை வேய்ந்தது. வீட்டுக்கு ஒரு கட்டு ஓலை. கூலி கிடையாது, சோறு மட்டும். இன்று யாருக்காவது அப்படி நேர்ந்தால் கூடி வேய ஆளுமில்லை, வேய்வதற்குச் சருகுமில்லை.

ஒரே கூரை, இரு மதிப்பு

இங்கிலாந்திலும் இக்கூரை வீடு முதலில் ஏழைத் தொழிலாளியின் வீடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்வாயும் இரயிலும் பலகைக்கல்லை ஊரூராகக் கொண்டு சேர்த்தபோது, கூரை வீடு அங்கேயும் இழிவாகக் கருதப்பட்டது, பலர் மாற்றினர். பின்னர்க் காலம் திரும்பியது. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே பிறந்த கூரை வீட்டை 1892இல் ஓர் அறக்கட்டளை வாங்கிப் பாதுகாத்தது. 1969இல் அதில் தீப்பிடித்துச் சேதமுற்றபோதும் பழையபடியே சீர்செய்தார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறை வந்தது. பட்டியலில் உள்ள வீட்டை உரிமையாளர் நினைத்தபடி இடிக்க முடியாது. நகரத்துச் செல்வர்கள் அவற்றைத் தேடி வாங்கினர். ஏழைகள் வெளியேறிய பின்னரே அந்த வீடுகள் அழகாயின என்றும் சொல்லலாம்.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த நினைவுச் சின்னங்களைக் காக்கிறது. கோயிலும் கோட்டையும் அதில் இடம்பெற்றன. மக்கள் குடியிருந்த வீட்டுக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிண சித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகள் சிலவற்றைப் பெயர்த்துக் கொணர்ந்து அமைத்திருக்கிறார்கள். போற்றத்தக்க முயற்சி. எனினும் ஒவ்வோர் ஊரின் வீட்டையும் பெயர்த்துச் செல்ல எவராலும் இயலாதன்றோ!

அப்பாயியின் தீர்ப்பு

இத்தனையும் தெரிந்துகொண்ட உற்சாகத்தில், "இந்த வீட்டை இடிக்கக் கூடாது அப்பாயி" என்றேன். அவர் அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐப்பசி மழையில ராத்திரி பூரா ஒழுகுற இடத்துக்கெல்லாம் சட்டி வச்சுக்கிட்டு நீயா உக்காந்திருந்த? சோகை எங்க கிடைக்குது சொல்லு. தோட்டத்துலயே கொளுத்திப்புடுறான். வேயறதுக்கு இருந்த ஒரு ஆளும் போன வருசம் செத்துப்போயிட்டான். உங்க அத்தையைப் பொண்ணு பாக்க வந்தவங்க வாசல்லயே நின்னு கூரையைப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்களே, அது உனக்குத் தெரியுமா? நீ அளந்துக்க, எழுதிக்க. வீடு எனக்குடா."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அறுபதாண்டுகள் அக்கூரையின் கீழ் வாழ்ந்தவர் அவர். நான் விடுமுறைக்கு வந்து குளிர்ச்சியாக உறங்கிப் போனவன். அவ்வீட்டின் குளிர்ச்சிக்கு மூன்றாண்டுக்கொருமுறை விலை கொடுத்தவரும் அவரே.

குடிசைகளை அகற்றிக் கல்வீடு தரும் முயற்சி நம் மாநிலத்தில் புதிதன்று. 2010இல் 21 லட்சம் குடிசைகளை மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011இல் பசுமை வீடுகள் வந்தன. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகளை, வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் உதவியுடன் கட்டுவதை இலக்காகக் கொண்டது. 360 சதுர அடி வீடு. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையும் அமைத்துக்கொள்ளலாம். அப்பாயியின் பழைய வீட்டின் உட்பரப்போ 264 சதுர அடிதான். ஒழுகாத, எரியாத, பெரிய வீடு வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. ஆலத்தியூர் இன்று சிமென்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அப்பாயியின் சுவரில் இருக்கும் அதே இனச் சுண்ணாம்புக்கல்லை அரைத்து, களிமண் சேர்த்து, ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுத்தால் சிமென்டுக்குரிய மூலப்பொருள் கிடைக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் நூறு கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. பழைய வீட்டில் கல்லைச் சுடாமல் வைத்தோம். புதிய வீட்டில் சுட்டு வைக்கிறோம். இரண்டு வீட்டையும் தருவது அந்தப் பழங்கடல்தான்.

முடிவுரை

வீடு இடிக்கப்பட்டுவிட்டது. கூரையைப் பிரித்த நாளில் முகட்டில் இருந்த அணில் கூட்டை அப்பாயி எடுத்து வேம்பின் கிளையில் வைத்தார். கற்களை மட்டும் விற்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன்; அதற்கு இசைந்தார். அவை புது வீட்டின் அடிமனைக்குப் பயன்பட்டன. அறுபது சதுர அடியில் ஓடு வேய்ந்த முன்தாழ்வாரமும், அதில் பழைய கல்லால் ஒரு திண்ணையும் அமைந்தன. சிப்பி பதிந்த கல்லைத் திண்ணையின் முகப்பில் வைக்கச் சொன்னேன். கொத்தனார் சிரித்துக்கொண்டே வைத்தார். புதுமனை புகுந்த முதல் கோடையில் அப்பாயி உள்ளே படுக்கவில்லை. அந்தத் திண்ணையில்தான் படுத்தார். மழைக்காலத்தில் உள்ளே படுத்தார். இரண்டுக்கும் காரணம் கேட்க வேண்டியதில்லை.

நண்பர்களே! நம் கல்லூரிக்கு நூற்றுக்கணக்கான ஊர்களிலிருந்து மாணவர்கள் வருகிறோம். நம்மில் பலருடைய வீட்டில், அல்லது பாட்டி வீட்டில், இத்தகைய கூரை இன்னும் இருக்கக்கூடும். அதைக் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் வாழ்கிறவர்களே அதை முடிவு செய்யட்டும். ஆனால் இடிக்கும் முன் ஒரு நாள் அளவு நாடாவோடு செல்லுங்கள். சுவரின் கனத்தையும் கூரையின் சரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். விட்டத்துக்கும் வரிச்சுக்கும் உங்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். வேய்ந்தவர் உயிரோடிருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த நோட்டுப் புத்தகங்கள் நம் வரலாற்றுத் துறையின் அலமாரியில் சேருமானால், நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறு வேண்டுமோ!

என் நோட்டுப் புத்தகத்தைத் துறையில் ஒப்படைத்துவிட்டேன். அதன் முதற்பக்கத்தில் அவ்வீட்டின் வரைபடம் இருக்கிறது. வகுப்பில் அன்று என்னோடு சிரித்த நண்பர்கள் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்க்க வேண்டுமென விரும்புகிறேன்.